எடைக்கு எடை சர்க்கரை

1

நாங்கள் அயர்லாந்துக்கு வந்து பத்து வருஷம் முடிந்த அன்று வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. வாழ்த்துக் கடிதம் இல்லை. இந்த ஊர் அரசாங்கத்துக்கு அவ்வளவு பாசம் கிடையாது. என் மகள் ஷெரினைக் குழந்தைகள் மருத்துவமனைக்கு அழைத்து வரச் சொல்லி வந்த கடிதம். ‘உங்கள் மகளின் வளர்ச்சிப் பயணம் குறித்து உங்களோடு உரையாட ஆவலாக இருக்கிறோம்’ என்று ஆரம்பித்திருந்தார்கள். பதினோரு வயதில் எழுபது கிலோவைத் தாண்டிவிட்டாள் என்பதைத்தான் இத்தனை நாசூக்காகச் சொல்லியிருந்தார்கள். இங்கே யாரையும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்குச் சொல்லியே தொலைக்கலாம்.

இந்தக் கடிதத்துக்காகப் பதினோரு மாதம் காத்திருந்தோம். எங்கள் பகுதி டாக்டர் ஷெரினுக்கு ரத்த அழுத்தம் பார்த்து, புருவத்தைத் தூக்கி, ஒரு படிவம் நிரப்பி, காத்திருப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று தபால் வரும். நாங்கள் பொறுமையாக இருந்த அந்தப் பதினோரு மாதத்தில் அவள் ஒன்பது கிலோ கூடினாள்.

படிக்கிற ஊர்க்காரர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் டெய்சி. பிறந்தது திண்டிவனம். வாழ்க்கைப்பட்டது விழுப்புரம் தாண்டி, காணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பார்க்கிற வேலை, இதய நோயாளிகள் வார்டில் நர்ஸ். சிரிக்கிறவர்கள் இங்கேயே சிரித்துக்கொள்ளலாம். உப்பைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்று பன்னிரண்டு மணி நேரம் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் ‘ஸ்பைஸ் பேக்’ வாங்கி வருவேன். பொரித்த உருளைக்கிழங்கு, பொரித்த கோழி, வதக்கின வெங்காயம் மிளகாய் எல்லாவற்றையும் ஒரே காகிதப் பையில் போட்டுக் குலுக்கித் தருவது. இந்த நாட்டில் அதற்கு இரவுச் சாப்பாடு என்று பெயர். என் வீட்டுக்காரர் அமல்ராஜுக்கு சரக்குக் கிடங்கில் வேலை. நான் இருந்தால் அவர் இருக்க மாட்டார், அவர் இருந்தால் நான் இருக்க மாட்டேன். பிள்ளையை வளர்த்தது ஃப்ரிட்ஜ்தான்.

2

ஷெரின் விழுப்புரத்தில் பிறந்தவள். ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்டாள். ஒரு கிலோ முந்நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டு என் நாத்தனார் பிலோமினா மாதாவிடம் வேண்டிக்கொண்டார். “பொழைக்க வச்சுடு தாயே. எடைக்கு எடை சக்கரை போடறேன்.”

பிலோமினா அண்ணி என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் இருந்ததில்லை. அடுத்தவர் தோட்டத்துக் கரும்பை வெட்டி, கட்டி, டிராக்டரில் ஏற்றி அனுப்புவதுதான் பிழைப்பு. வெட்டினது எல்லாம் சர்க்கரையாகி யார் வீட்டுக்கோ போனது. இவர்கள் வீட்டில் கடுங்காப்பிக்குப் போடக்கூட இருக்காது. அதனால் அண்ணிக்கு மாதாவுக்குக் கொடுக்கத் தோன்றியதில் பெரிய பொருள் சர்க்கரைதான்.

குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமே கடனைக் கழித்திருந்தால் மளிகைக் கடையில் இரண்டு பொட்டலத்தோடு முடிந்திருக்கும். கொஞ்சம் சதை போடட்டும் என்றார்கள். பிறகு விசா வந்தது. பிறகு கொரோனா வந்தது. பிறகு எனக்கு லீவு கிடைத்தால் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மாதா கோயில் திருவிழாவுக்கும் அண்ணி போன் செய்து, “புள்ள எவ்ளோ இருக்கா?” என்று கேட்பார். சொல்லுவேன். “ஏறட்டும், ஏறட்டும்” என்பார். வங்கியில் போட்ட மாதிரி அது அங்கே ஏறிக்கொண்டே இருந்தது.

அண்ணியைச் சொல்லி என்ன? அந்த ஒரு கிலோ முந்நூறு கிராமின் பயம் எனக்கும் போகவே இல்லை. ஐம்பது கிராம் கூடினால் காகிதத்தில் குறித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவேன். ஒரு வாரம் ஏறாவிட்டால் அழுவேன். மூன்று வயதில் அவள் எல்லாக் குழந்தைகளையும் எட்டிப் பிடித்துவிட்டாள். காகிதத்தைக் கிழித்துவிட்டேன். ஊட்டுகிற கையை நிறுத்தத் தெரியவில்லை.

3

குழந்தைகள் மருத்துவமனையில் எங்களுக்குக் கிடைத்த டாக்டர் உயரமான அம்மா, மெல்லிய குரல். எடை பார்க்க ஷெரின் கோட்டைக் கழற்ற வேண்டும். மூன்று தடவை கேட்ட பிறகுதான் கழற்றினாள். வெயில் அடிக்கிற நாளிலும் அந்தக் கோட்டுக்குள்தான் இருப்பாள். நீச்சல் வகுப்பு இருக்கிற நாளெல்லாம் அவளுக்குத் தவறாமல் வயிற்றுவலி வரும்.

ரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது டாக்டர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ரத்த அழுத்தம் அதிகம். கல்லீரலில் கொழுப்பு. கொலஸ்ட்ரால் எண்ணைப் பார்க்கத் திரைக்குக் கிட்டே குனிந்தேன். வார்டில் அறுபது வயதுக்காரர்களிடம் பார்க்கிற எண் அது.

“இது சாப்பாட்டால் மட்டும் வந்ததாகத் தெரியவில்லை” என்றார் டாக்டர். “குடும்பத்தில் யாராவது இளவயதில் இதய நோயால் இறந்திருக்கிறார்களா? இது பரம்பரையாக ரத்த வழியில் வருகிற வகையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் உணவைக் குறைத்தால் மட்டும் போதாது. இப்போதே மருந்து தொடங்க வேண்டியிருக்கும்.”

என் பக்கம் அப்படி யாரும் இல்லை. எங்கப்பா எண்பது தாண்டியும் போனில் என்னைத் திட்டுகிறார். அமல்ராஜைப் பார்த்தோம்.

“நோ, நோ. நோபடி” என்றார்.

“உங்கள் அப்பா எப்படி இறந்தார்?”

“ஸ்டமக் ப்ராப்ளம்.”

நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகும்போது மாமனார் படத்தில்தான் இருந்தார். டாக்டர் நான்கு பக்கத்தில் குடும்ப நோய் வரலாற்றுப் படிவம் ஒன்றைக் கொடுத்து, ஊரில் விசாரித்து நிரப்பி வரச் சொன்னார். கூடவே ஒரு துண்டுப் பிரசுரம். அதில் நான்கு பேர் உள்ள குடும்பம் ஒன்று கேரட்டைக் கடித்துக்கொண்டு வெயிலில் நடந்தது. அயர்லாந்தில் அந்த வெயிலை எங்கே பிடித்துப் படம் எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

காரில் ஏறியதும் அமல்ராஜ் சொன்னார்: “எல்லாம் அந்த நேர்த்திக்கடன் பாக்கி இருக்கறதாலதான் டெய்சி. பதினோரு வருஷமா மாதாவக் காக்க வச்சிருக்கோம். லீவு போடு. போய் முடிச்சுட்டு வந்துடலாம்.”

“கடனுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“நீ நர்ஸு. உனக்கு எல்லாத்துக்கும் ஒரு டெஸ்ட் வேணும்.”

நான் மறுக்கவில்லை. படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒரே விமானத்தில் அவர் ஒரு காரியத்துக்கும் நான் ஒரு காரியத்துக்கும் போனோம். கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றதால் சீட்டு பெல்ட் போதாமல் ஷெரினுக்கு நீட்டிப்புப் பட்டை ஒன்று வாங்க வேண்டியிருந்தது. பணிப்பெண் அதை மடக்கி, மறைத்து, ரகசியம்போல் கொண்டுவந்து கொடுத்தாள். ஷெரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

4

திண்டிவனத்தில் என் அண்ணன் வீட்டில் மதியம் இறங்கினோம். அண்ணன் ஷெரினை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா டெய்சி, புள்ள எளச்சுப் போயிருக்கு?”

பதினோரு வருஷமாக நான் கேட்ட மருத்துவக் கருத்துகளிலேயே இதுதான் உச்சம். பிரியாணியைத் தட்டில் மலையாகக் குவித்தார். நான் “போதும்ணா” என்றேன். “வெளிநாட்டுல காஞ்ச ரொட்டி தின்னுக்கினு கெடக்குது. நீ சும்மா இரு” என்று இன்னொரு கரண்டி வைத்தார். ஷெரின் என்னைப் பார்த்தாள். அயர்லாந்தில் நான் ‘போதும்’ என்று சொன்னால் அதோடு முடிந்தது. இங்கே என் பேச்சு செல்லாது என்பதை ஐந்தே நிமிஷத்தில் புரிந்துகொண்டாள்.

காணைக்குப் போனால் அண்ணி அதற்கும் மேல். திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. “எடை போடற அன்னிக்குப் புள்ள வாடிப்போய் உக்காரக் கூடாது” என்று காலையில் அதிரசம், மதியம் கோழி, சாயங்காலம் முறுக்கு, நடுநடுவே அவித்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. நான் படுகிற பாட்டைச் சொன்னால், “ஆஸ்பத்திரிக்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அவங்களுக்கு ஆளு வரணும் இல்ல?” என்றார். நானும் ஆஸ்பத்திரிக்காரிதான் என்பது அவருக்கு மறந்தே போனது.

கடைசியாக ஒரு தந்திரம் செய்து பார்த்தேன்.

“அண்ணி, நீங்க நேர்ந்துக்கிட்டப்போ அவ ஒரு கிலோ முந்நூறுதானே இருந்தா? அந்த எடைக்கே போட்டுடலாமே.”

அண்ணி முறத்தைக் கீழே வைத்தார். “மாதாகிட்ட மண்டிக்காரன் மாதிரி பேசச் சொல்றியா?”



5

திருவிழாப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மூன்று மரத்தை முக்காலியாகக் கட்டி, மல்லாட்டை மூட்டை நிறுக்கிற பெரிய தராசை மண்டியிலிருந்து வாங்கி வந்து தொங்கவிட்டிருந்தார்கள்.  ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு எடை பார்க்கவே மூன்று தடவை கேட்க வேண்டியிருந்த பிள்ளையை, ஐந்நூறு பேருக்கு நடுவில், மைக் வைத்து நிறுக்கப் போகிறார்கள். “வேணாம்னா சொல்லிடு, நான் பார்த்துக்கறேன்” என்றேன். ஷெரின் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டில் ஏறி உட்கார்ந்தாள். கோட்டு மட்டும் இல்லை. அந்த வெயிலில் அதைப் போட முடியாது.

போனில் நான் வெட்கப்பட்டுக் குறைத்தே சொல்லிவந்த எடையை நம்பி, அண்ணி ஐம்பது கிலோ மூட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தார். மிச்சம் வருவதைப் பொங்கல் வைத்து ஊருக்குக் கொடுப்பதாகத் திட்டம். மூட்டையை எதிர்த்தட்டில் வைத்தார்கள். ஷெரினின் தட்டு தரையை விட்டு அசையவில்லை.

கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை மைக்கைத் தட்டினார். “அயர்லாந்துலேந்து வந்திருக்கிற நம்ம அமல்ராஜ் மகளுக்கு சக்கரை பத்தல. இன்னும் கொஞ்சம் சக்கரை தேவைப்படுது.”

எனக்கு பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. திருவிழா நாள், கடைகள் எல்லாம் மூடியிருந்தன. அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்துத் தெருப் பெண்கள் கலைந்து வீட்டுக்கு ஓடினார்கள். ஒருத்தி சர்க்கரைச் சம்படத்தோடு வந்தாள். ஒருத்தி ரேஷன் சர்க்கரையைப் பையோடு கொண்டுவந்தாள். வயதான ஒருத்தர் டம்ளரில் பாதி கொண்டுவந்து, “எம்பங்கும் இருக்கட்டும்” என்று கொட்டினார். ஒவ்வொரு முறை கொட்டும்போதும் கோயில்பிள்ளை, “இன்னும், இன்னும்” என்றார். ஊரே கூட நின்று “இன்னும்” என்றது. கடைசியில் தட்டு லேசாக ஆடி, ஷெரினோடு ஒரு சாண் மேலே எழும்பியது. பட்டாசு வெடித்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணி முழங்காலில் விழுந்து அழுதார்.

நான் ஷெரினைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, எல்லாரையும் பார்த்து. அப்படி அவள் சிரித்து எத்தனை வருஷம் ஆகிறது என்று எனக்கு நினைவில்லை. பெண்கள் அவள் கன்னத்தைத் தடவி, நெற்றியில் சிலுவை போட்டார்கள்.

“மம்மி, தே க்ளாப்ட் ஃபார் மீ” என்றாள் இறங்கி வந்து. “நாம இங்கயே இருந்துடலாமா?”

 என் பிள்ளை உடம்புக்காக முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டாள். அந்த உடம்புதான் அவளைக் கொன்றுகொண்டிருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

6

அன்று சாயங்காலம் உறவுக்காரர்கள் கலைந்த பிறகு கூடத்தில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். அமல்ராஜ் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சுவரில் மாலை போட்ட படங்கள் மூன்று. மாமனார், அவர் தம்பி, அவர் அண்ணன். மூன்று பேரும் ஒட்டிய கன்னம், எலும்பு தெரிகிற கழுத்து. குண்டு என்று சொல்ல ஒருத்தர் இல்லை.

“மாமா எப்படி அண்ணி தவறினார்?”

“அதான் தெரியுமே. கேஸு. வாயுத் தொல்லை.”

“எப்படி ஆச்சு, கொஞ்சம் சொல்லுங்களேன்.”

அண்ணி தரையில் காலை நீட்டிக்கொண்டார். “கரும்பு ஏத்திக்கினு இருந்தாரு. நெஞ்ச கரிக்குதுன்னாரு. கை வலிக்குதுன்னாரு, இந்தக் கைதான். வேர்த்து ஊத்துது. கேஸா இருக்கும், சோடா வாங்கியான்னு என்னைத்தான் அனுப்பினாங்க. நான் சோடாவோட வர்றதுக்குள்ள ஆளு இல்ல.” இடது கையைத் தடவிக்காட்டினார்.

“என்ன வயசு அப்போ?”

“நாப்பத்திநாலு.”

“சித்தப்பாவுக்கு?”

“அதுவும் கேஸுதான். மாட்டுக் கொட்டாயில உக்காந்தவரு உக்காந்தபடியே. நாப்பத்தொண்ணு. பெரியப்பாவுக்கு ஒரு அஞ்சாறு வயசு கூட இருக்கும். அவருக்கும் கேஸு. நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு கேஸு ஜாஸ்தி.”

பத்து வருஷம் இதய வார்டில் நின்றவளுக்கு இதற்கு மேல் ஒரு டெஸ்டும் வேண்டாம். “அண்ணி, அது கேஸ் இல்ல. மூணு பேருக்கும் ஹார்ட் அட்டாக்” என்றேன்.

அண்ணி சிரித்துவிட்டார். “ஹார்ட் அட்டாக்குன்றது காருல போறவங்களுக்கு வர்றது டெய்சி. நெய்யும் கறியுமா துன்னுட்டுக் குந்திக்கினு இருக்கறவனுக்கு வரும். எங்கப்பாரு கூழு குடிச்சிட்டு வெயில்ல நின்னவரு. அவருக்கு எங்கேர்ந்து வரும்?”

“ரத்தத்துல இருந்தா யாருக்கும் வரும் அண்ணி. கூழு குடிச்சாலும் வரும். அதேதான் ஷெரினுக்கும் இருக்கோன்னு டாக்டர் பயப்படறாங்க. அதுக்கு மேல இந்த எடை வேற.”

அமல்ராஜ் எழுந்துவிட்டார். “செத்தவங்களுக்கு இப்ப வந்து சீக்குப் பேரு வைக்கிறியா? எங்கப்பா கேஸ்லதான் போனாரு. விடு அத.” வெளியே போய்விட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

அண்ணி சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “அப்ப நான் அன்னிக்கு சோடாவுக்குப் போவாம, டிராக்டர்லயே தூக்கிப் போட்டுக்கினு விழுப்புரம் போயிருந்தா?”

“அப்போ உங்களுக்கே பதிமூணு வயசுதானே அண்ணி” என்றேன்.

“எங்கப்பாரு பசியோட கரும்பு வெட்டினாரு. அவரு பேத்தி இவ்ளோ வளந்து உக்காந்திருக்கா. இதுக்கு மேல மாதாகிட்ட என்னா கேக்கறதுன்னு காத்தால அழுதேன்.” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டார். “அந்தப் பேப்பர்ல எழுதிக்கோ. வயசெல்லாம் சரியா எழுது.” கிளம்புகிற வரைக்கும் ஷெரினின் தட்டில் அண்ணி இரண்டாம் கரண்டி வைக்கவில்லை. வைக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

7

அயர்லாந்து திரும்பிய மூன்றாம் வாரம் மறுபடி மருத்துவமனை. அமல்ராஜ்தான் காரை ஓட்டினார். ஷெரின் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் கிடந்தாள். கோட்டுக்குள் திரும்பவும் போய்விட்டிருந்தாள்.

டாக்டர் அறைக்கு வெளியே நான் படிவத்தை எடுத்தேன். ஷெரின் பெயரும் என் பக்கத்து விவரமும் நிரப்பியிருந்தேன். தந்தை வழி என்று இருந்த இடத்தை விட்டுவைத்திருந்தேன். ஊரிலேயே எழுதியிருக்கலாம். அமல்ராஜ் கோபித்துக்கொண்டு போன பிறகு அவர் அப்பாவைப் பற்றி நான் எழுதுவது திருட்டுத்தனமாகத் தோன்றியது.

அமல்ராஜ் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். கிடங்கில் பெட்டிமேல் எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தில், என் அப்பா, நாற்பத்துநான்கு, இதயம் என்று ஆங்கிலத்தில் எழுதினார். சித்தப்பா, நாற்பத்தொன்று, இதயம். பெரியப்பாவுக்கு வயது நிச்சயம் தெரியவில்லை. ஐம்பதுக்குக் கீழே என்று எழுதினார். எழுதி முடித்துத் தாளைப் பார்க்காமல் என்னிடம் கொடுத்தார்.

உள்ளே டாக்டர் அதைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். மருந்தைத் தொடங்கிவிடலாம் என்றார். உணவு ஆலோசகர், நடை, அளவு என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். மாத்திரை நேரம், அடுத்த ரத்தப் பரிசோதனை, கல்லீரலுக்கு ஸ்கேன் தேதி. மகளுக்காக ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். ஷெரின் அந்தப் படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு படித்தாள். தன் தாத்தாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்த முதல் விஷயமே அதுதான். விரலை வைத்து ஏதோ கணக்குப் போட்டாள்.

“அப்பா, தாத்தாவுக்கு ஃபார்ட்டி ஃபோர்” என்றாள். “உனக்கு ஃபார்ட்டி டூ.”

டாக்டர் பேச்சை நிறுத்தினார். அந்த வாக்கியத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தன் நாற்காலியை ஷெரினிடமிருந்து அமல்ராஜ் பக்கமாக நகர்த்தினார். “மிஸ்டர் அமல்ராஜ், உங்களுக்கு யாராவது கொலஸ்ட்ரால் பார்த்திருக்கிறார்களா?”

யாரும் பார்க்கவில்லை. ஒல்லியான மனிதர். மாடி ஏறினால் கொஞ்ச நாளாக நடுவில் நின்று மூச்சு வாங்குவார். வேலைக் களைப்பு என்று சொல்வார். நான் நம்பினேன். ஊரார் நெஞ்சுக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவள், பக்கத்தில் படுத்திருக்கிற ஆளின் வயதைக்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

 அமல்ராஜ், ரத்தம் எடுக்கச் சட்டைக் கையை மடித்துவிடச் சொல்வதுபோல என்னிடம் கையை நீட்டினார். தினமும் இருபது பேருக்குச் செய்கிற வேலை. என் விரலுக்கு அந்தப் பொத்தான் அகப்படவே இல்லை. ஷெரின்தான் எழுந்து வந்து கழற்றினாள்.